ஒன்பதாவது, குடும்ப ஆசீர்வாதம்

ஐந்தாவது பெஞ்சில் ஒட்டியிருக்கிற தாளில் ‘எட்வின் தனசிங் குடும்பம்’ என்று அச்சடித்திருக்கிறது, குடும்பம் என்றால் நானும் மகள் பெனிட்டாவும், எங்கள் பெயரைப் போடத் தாளில் இடம் இல்லை போல, நடைபாதை ஓரமாக அவர், அவருக்குப் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் பெனிட்டா, இப்படித்தான் உட்கார வேண்டும் என்று சபைப் போதகர் கிதியோன் ஐயர் போன வாரமே படம் வரைந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார், கட்டம் கட்டமாக, பெரிய வட்டம் அப்பா, நடு வட்டம் அம்மா, சின்ன வட்டம் பிள்ளைகள். அவருடைய சட்டைக் கை என் கையில் உரசுகிறது. காலையில் நான் தேய்த்த சட்டை, கஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது, முழங்கையை மடக்கும்போதெல்லாம் சரசரவென்கிறது, ஒவ்வொரு தடவையும் என் தோள் தானாக மேலே ஏறுகிறது, அவர் பாட்டுப் புத்தகத்தைத்தான் திருப்புகிறார் என்று தெரிந்தும் ஏறுகிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கோயிலுக்குள் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது தாலி கட்டின அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கும் கஞ்சி போட்ட சட்டைதான், அன்றைக்கு இந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மடியில் ஆராதனை முறைமைத் தாள் இருக்கிறது. ஒன்று, ஆரம்பப் பாட்டு. இரண்டு, பாவ அறிக்கை. இப்போது மூன்று நடக்கிறது. ஒன்பதை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும், மூன்று நாளாக அதை மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘கணவர் மனைவியை நோக்கித் திரும்பி, தம் வலது கையை உயர்த்தி, அவள் தலையின்மேல் வைத்து ஆசீர்வதிப்பார்.’ உயர்த்தி என்று எதற்குப் போட வேண்டும், வைத்து என்று மட்டும் போட்டால் போதாதா, ஐயருக்குத் தமிழ் கொஞ்சம் கூடுதல்தான்.

எங்கள் கோயிலில் கட்டின நாளிலிருந்து பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், நடுவில் நடைபாதை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பட்டணத்துக் கோயிலில் எல்லாம் இப்படிக் கிடையாது என்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் எனக்கு மட்டும் தெரியும் அந்த நடைபாதை எவ்வளவு அகலம் என்று. ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் ஆறடி வெறும் தரை. வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் தோள் கீழே இறங்கும். தூண் ஓரத்துப் பெஞ்சில் நானும் இன்பவல்லி அக்காவும். அக்காவுக்குப் புருஷன் செத்து எட்டு வருஷம், மகன் வெளிநாட்டில், கறுப்புக் கைப்பை ஒன்று வைத்திருப்பாள், அதற்குள் ஒரு மளிகைக் கடையே இருக்கும். நீண்ட ஜெபம் ஆரம்பித்து எல்லாரும் கண்ணை மூடினவுடன் பைக்குள்ளிருந்து தைலக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். “தோள்பட்ட பிடிச்சிருக்கும், தேச்சுக்கோட்டி” என்பாள், கண்ணைத் திறக்காமல். எனக்குத் தோள்பட்டை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்டிருந்தால் அடுத்த வாரமே நான் வேறு பெஞ்சுக்குப் போயிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். கோயில் விட்டதும் வாசலில் நின்று “மத்தியானம் எங்க வீட்டுக்கு வாட்டி, பிள்ளையும் கூட்டிட்டு வா, ஒத்தையில சாப்பிட ஒரு மாதிரி இருக்கு” என்பாள். “இன்னொரு நாள் வாரேங்க்கா” என்பேன். எத்தனை வருஷமாக இன்னொரு நாள். இப்போது அக்கா எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, பார்க்கக் கூடாது, அவர் “என்ன” என்பார், மெதுவாகத்தான் என்பார். கடைசிப் பெஞ்சில் இருப்பாள். அங்கேயும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ‘தனி நபர்கள்’ என்று. விதவைகள், கல்யாணமாகாத டீச்சர்மார், பெண்டாட்டி விட்டுப்போன தபால்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெஞ்ச். படத்தில் அவர்களுக்கு ஐயர் வட்டம் போடவில்லை, புள்ளி வைத்திருந்தார்.

ஐயர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும், கோயிலில் உட்கார்ந்துகொண்டு ஒருவரைப் பற்றிப் பொய்யாக நினைக்கக் கூடாது. மலைமேல் ஏதோ ஊழிய முகாமுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தார், வந்ததிலிருந்து குடும்பம் குடும்பம் என்கிறார். பிள்ளைகள் ஒரு பக்கம் ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஒரு பக்கம் பெண்கள் சங்கம், ஆண்கள் ஒரு பக்கம் ஐக்கியம், சபை என்ற பெயரில் நாமே வீடுகளைப் பிரித்துவைத்திருக்கிறோம், இனிமேல் சபை வளர்ந்தால் வீடு வீடாகத்தான் வளர வேண்டும் என்று மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானே தலையாட்டினேன். கமிட்டியில் அவர்தான் முதல் ஆளாக வழிமொழிந்தாராம், என் வீட்டுக்காரர். பெஞ்சில் ஒட்டின தாள்கள் எல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில் அச்சடித்துக் கொண்டுவந்ததுதான். கணக்கு வாத்தியார், பாடகர் குழுவில் தாழ்ந்த குரல், பிள்ளைகளிடம் கையைக்கூட ஓங்காதவர் என்று ஊருக்குள் பெயர். வியாழக்கிழமை சாயந்தரம் நான் ஐயர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஐயரம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கியிருந்தாள், அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. “ஐயா, என்னைய மட்டும் பழைய மாதிரி தூண் பக்கத்துல இருக்க விடுவீங்களா” என்றேன். “ஏம்மா?” என்றார். “அங்க இருந்து பாத்தாதான் ஐயா உங்க முகம் நல்லாத் தெரியும்” என்றேன். எவ்வளவு அழகான பொய். ஐயர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “என்னம்மா, பதினோரு வருஷம் ஆச்சு, இன்னுமா வீட்டுக்காரர் பக்கத்துல உக்காரக் கூச்சம்? எட்வின் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீ குடுத்துவச்சிருக்கணும். உங்க குடும்பத்த மாதிரியா வச்சுத்தான் நான் இதெல்லாம் செய்யுதேன்” என்றார். டீயில் சர்க்கரை இல்லை, ஐயரம்மா போட மறந்திருந்தாள், நான் அப்படியே குடித்துவிட்டு வந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டிருந்தால்கூட அதோடு சேர்ந்து மற்றதும் வெளியே வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு, வேதபாடம். யாரோ ஒரு பையன் வேகமாக வாசிக்கிறான், ரயிலைப் பிடிக்கப் போகிறவன் போல. மெதுவாக வாசியேன்டா, உனக்கு என்ன அவசரம். எல்லாம் மெதுவாக நடந்தால் நேரமாகிவிட்டது என்று ஒன்பதை விட்டுவிடலாம். விடமாட்டார்கள், தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் கை மேலே போகும்போது நான் கண்ணை மூடக் கூடாது. அவ்வளவுதான். இத்தனை பேருக்கு நடுவில் என் கண் மூடினால், என் கை தானாக முகத்துக்கு வந்துவிட்டால், இருநூறு பேருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால் அவருக்கு அவமானம், அவருக்கு அவமானம் என்றால் மத்தியானம். வியாழக்கிழமை ராத்திரியே கண்டுபிடித்துவிட்டேன், என் வலது கையை நானே தூக்கி என் தலைக்கு மேலே கொண்டுவந்து பார்த்தேன், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், இடது கண் மட்டும் மூடிக்கொள்கிறது. என் கைக்கே மூடிக்கொள்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பாக இல்லை. வெள்ளி முழுக்கப் பழகினேன், சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, கையைத் தூக்கு, கண்ணைத் திறந்து வை, தலையில் வை. முப்பது நாற்பது தடவை. நேற்றைக்குச் சாயந்தரம் ஒரு தடவை மூடவில்லை. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படிப் பழகுகிற பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்திதானா, அல்லது இந்தப் பெஞ்சுகளில் இன்னும் நாலைந்து பேர் மடியில் கையை வைத்துக்கொண்டு ஒன்பதை எண்ணிக்கொண்டிருக்கிறார்களா. அவர் முதல் தடவை கையை ஓங்கினது எதற்கு என்று நினைத்துப் பார்க்கிறேன். கோயில் அசனம், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது, நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், பந்தியில் யாரோ ஏதோ சொன்னார்கள், நான் சத்தமாகச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் வாசலில் நிற்கிறார், அவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பக்கத்தில் வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு “வீட்டுக்கு வா” என்றார், அவ்வளவு மெதுவாக. நான் ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை, அடியைவிட அதுதான், நான் வெட்கப்பட்டுக்கொண்டே பின்னால் நடந்துபோனேன்.

ஏழு, பிரசங்கம். ஐந்தும் ஆறும் எப்போது போயின. ஐயர் நன்றாகப் பேசுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார், பெஞ்ச் குலுங்குகிறது. பெனிட்டா சிரிக்கவில்லை, கால் தரையில் எட்டவில்லை, ஆட்டாமல் வைத்திருக்கிறாள். ஏழு வயசுப் பிள்ளை காலை ஆட்டாமல் வைத்திருக்கிறாளே, எவ்வளவு அடக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது ஒன்றுதான் நான் இத்தனை வருஷத்தில் ஒழுங்காகச் செய்தது. அவள்மேல் அவர் விரல் பட்டதில்லை, அப்படிப் பட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், தெரியவில்லை, ஏதாவது செய்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அவள் முன்னறைக்குப் படம் வரையப் போய்விடுவாள், நான் சொல்லாமலே போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் எழுந்து ஜன்னல்களைச் சாத்துவார், ஒவ்வொன்றாக, கொக்கி போட்டு, அவசரமே இல்லாமல். ஃபேனை ஐந்தில் வைப்பார். எங்கள் வீட்டு ஃபேன் ஐந்தில் வைத்தால் ஒரு மாதிரி கடகடவென்று சத்தம் போடும், அதற்கு மேல் வெளியே ஒன்றும் கேட்காது. நான் சத்தம் போடுவதே இல்லை, சேலைத் தலைப்பு இருக்கிறதே வாயில் வைக்க. அப்புறம் சாயந்தரம் பெனிட்டா வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டுவாள், வீடு, மரம், சூரியன், எல்லாப் பிள்ளைகளும் வரைகிற படம்தான். ஜன்னல் மட்டும் வரையமாட்டாள். கதவு போடுவாள், ஓடு போடுவாள், ஜன்னலுக்கு இடம் மட்டும் விட்டுவைப்பாள். டீச்சர் கேட்டதற்கு மறந்துபோச்சு என்றாளாம், பிள்ளைகள் அப்படித்தான் எதையாவது மறக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, ஏன், யார் கேட்டார்கள், ஐயர் ஏதோ சொல்கிறார், வீடே முதல் ஆலயம் என்கிறார், ஆமென் என்று ஒரு குரல், அது அவர் குரல்தான், என் காதுக்குப் பக்கத்திலிருந்து.

எட்டு, மெழுகுவர்த்தி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று, அப்பா பற்றவைத்து அம்மா கையில் கொடுக்க வேண்டும். கிழக்கு ஜன்னல் வழியாகக் காற்று அடிக்கிறது, பாதிப் பேருக்கு அணைந்துவிட்டது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஐயர் கையைக் காட்டுகிறார், மணியடிக்கிற கோயில்குட்டியார் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்துகிறார். பெரிய மரக் கதவுகள். ஒன்று, கொக்கி. இரண்டு, கொக்கி. என் கைக்குள் பெனிட்டாவின் கை இறுகுகிறது. நகம் குத்துகிறது. குனிந்து “ஒண்ணுக்கு வருதா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். “வயித்த வலிக்கா?” இல்லை. மூன்று, கொக்கி. அவள் நிமிர்ந்து மேலே பார்க்கிறாள், எங்களுக்கு மேலே சுற்றுகிற ஃபேனை, அதைத்தான் பார்க்கிறாள், உதடு வெளுத்திருக்கிறது, காலையில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாள், பசியாக இருக்கும். பத்து நிமிஷம் பொறுத்துக்கோ தங்கம், எனக்கு இப்போது உன்னைக் கவனிக்க நேரம் இல்லை, எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரே ஒரு வேலை. மெழுகு உருகி என் பெருவிரலில் விழுகிறது. கோயிலுக்குள் புழுக்கம், மல்லிகைப்பூ வாசனை, இருட்டு கொஞ்சம் கூடிவிட்டது, இத்தனை சுடர்களுக்கு நடுவில் எல்லாருடைய முகமும் நல்ல முகமாகத் தெரிகிறது.

ஒன்பது. “குடும்பத் தலைவர்கள் எழுந்து நிற்பார்களாக” என்கிறார் ஐயர். பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன. அவர் எழுந்து என் பக்கம் திரும்புகிறார். ஐயர் எங்கள் பெஞ்சைத்தான் பார்க்கிறார், மாதிரிக் குடும்பம் நாங்கள்தானே. “வலது கரத்தை உயர்த்தி.” சட்டை சரசரவென்கிறது. கண்ணைத் திறந்து வை. அவருடைய மூன்றாவது பொத்தானைப் பார், பொத்தானுக்கு நாலு ஓட்டை, நூல் வெள்ளை, நான் தைத்தது. கை மேலே போகிறது, வெளிச்சத்தை மறைக்கிறது, இடது கண் துடிக்கிறது, துடிக்கட்டும், மூடாதே, ஓட்டை ஒன்று, ஓட்டை இரண்டு. மூடவில்லை. மூடவே இல்லை. மெழுகுவர்த்தியோடு என் கை மடியிலேயே இருக்கிறது. ஜெயித்துவிட்டேன், கர்த்தாவே, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நொடியில் கோயில் முழுக்க அமைதியாக இருந்தது, ஐயர் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார், பெனிட்டா பெஞ்சின்மேல் ஏறி நின்று என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அழவில்லை. வகுப்பில் டீச்சர் மறந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரி, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அப்பா, இங்க வேண்டாம்ப்பா. எல்லாரும் பாக்காங்க. வீட்டுக்குப் போயி அடிங்கப்பா.”

முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பவில்லை, திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் கழுத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஐயர் இழுத்த மூச்சை விடவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்தார், தாளில் அதற்கு அடுத்த வரி ‘சபையார்: ஆமென்’ என்றுதான் இருந்தது, பழக்கத்தில் பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் ஆமென் என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு பெனிட்டா மணிக்கட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவருடைய கை இறங்கியது, என் தலையில், ரொம்ப மெதுவாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மெதுவாக. அவர் சிரித்தார். “பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம்” என்றார் முன்னால் பார்த்து. எனக்கு என்ன தோன்றியது என்றால், அவளுக்கு எல்லாம் தெரியும், ஜன்னல் தெரியும், ஃபேன் தெரியும், எந்த இடத்தில் வைத்து அடிக்க வேண்டும் என்ற ஒழுங்குகூடத் தெரியும், ஏழு வயசில் என்னைவிட நன்றாகப் பழகியிருக்கிறாள், நான் முப்பது நாற்பது தடவை என்னைப் பழக்கினேன், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் எத்தனை தடவை. வெட்கமாக இருந்தது, துக்கமாகக்கூட இல்லை முதலில், வெட்கமாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து செருப்பில்லாத காலடி கேட்டது. கனத்த காலடி, மூட்டு வலிக்கிற காலடி, கடைசிப் பெஞ்சிலிருந்து ஐந்தாவது வரைக்கும் நடைபாதை முழுக்க. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “நவுந்து இருங்க எட்வின்” என்றாள் இன்பவல்லி அக்கா. அவர் நடைபாதைப் பக்கம் நகர்ந்தார், வேறென்ன செய்வார். எனக்கும் அவருக்கும் நடுவில் கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள், ஒட்டியிருந்த தாள் அவள் முதுகுக்குப் பின்னால் கசங்கியது. பத்தாவதான முடிவுப் பாட்டை யாரோ தாழ்வாக ஆரம்பித்தார்கள், எடுத்த சுதி சரியில்லை. அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை, என்னைப் பார்த்து, அந்தப் பாட்டுக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஏட்டி, மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. நீயும் பிள்ளையும். இங்கருந்து நேரா.”

அவர் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பினார், சட்டை சரசரவென்றது.

“இன்னொரு நாள் வாரேங்க்கா” என்றேன். வாய்க்குப் பழகிப்போயிருந்தது. பெனிட்டா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு என் கையை விட்டுவிட்டு, என் மடியைத் தாண்டி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.